ஸ்நூக்கர் சென்டர்காரனுக்குப் பெண் கொடுப்பார்களா?

ஸ்நூக்கர் சென்டர் வைத்திருப்பவனிடம் "என்ன தொழில்?" என்று யாரும் இரண்டு தடவை கேட்பதில்லை, முதல் பதிலுக்கே, கேட்டவர் தன் கைப்பேசி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார். அடகுக்கடை, லாட்டரிக் கடை என்று ஊர் வாயில் விழும் தொழில் எதையாவது செய்து பிழைக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் சொந்தக்காரர்களும் கல்யாண வீட்டில் உங்களை "பிசினஸ் பண்றாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

என் கடை மலேசியாவின் கிள்ளான் நகரில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படியேறும்போது மீன்கறி வாசமும் கூடவே ஏறி வரும். பெரிய ஸ்நூக்கர் மேசை இரண்டு, சின்ன மேசை நான்கு. புகைக்கக்கூடாது, பந்தயம் கட்டக்கூடாது, பள்ளிச் சீருடையில் வரக்கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்தவர்கள் யாரும் எங்களைப் பற்றித் தப்பாகப் பேசியதில்லை. தப்பாகப் பேசுகிறவர்கள் யாரும் படியேறி வந்ததில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்யும் கலைவாணி, தோழியின் பிறந்தநாள் என்று ஒருநாள் படியேறி வந்தாள். முதல் அடியிலேயே வெள்ளைப் பந்தை மேசையைத் தாண்டி என் கால் விரலில் போட்டாள். வீக்கத்துக்கு என்ன மருந்து போடலாம் என்பதையும் அவளே சொன்னாள். அப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்: "அம்மா போனதுக்கப்புறம் அப்பா ஒருத்தரே என்னை வளத்தாரு. அவரு சரின்னு சொல்லாம நான் வரமாட்டேன். அதுக்காக நீங்க கடைய மூடிட்டு வந்து நின்னாலும் வரமாட்டேன், மோகன்."

தண்ணி

பெண் கேட்கும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். தொலைபேசியில் பேசும்போது 'ஸ்நூக்கர்' என்ற சொல் வாயில் வர மறுத்ததால், "சொந்தமா விளையாட்டு மையம் வெச்சு நடத்துறான்" என்று சொல்லிவைத்தார். கலைவாணியின் அப்பா தணிகாசலம் ஓய்வு பெற்ற ஆசிரியர். பூப்பந்து, கூடைப்பந்து என்று எதையோ மனதில் நினைத்துக்கொண்டு மிகவும் மகிழ்ந்து போனார். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் செய்கிறார்கள் என்று பாராட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாண மண்டபம் வரைக்கும் மனதில் போய்விட்டேன்.

அப்போதுதான் அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "ஆட வர்றவங்களுக்குத் தண்ணி வசதியெல்லாம் எப்படிங்க?" அம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஐயய்யோ, எம்பையன் கடையில தண்ணி ஒரு சொட்டு உள்ள வராதுங்க. வெளிய குடிச்சிட்டு வந்தாக்கூட படியிலேயே திருப்பி அனுப்பிருவான்" என்றார். தணிகாசலம் சார் வருத்தத்தோடு சொன்னார்: "தாகத்துக்குத் தண்ணி குடுக்காத எடத்துல எம்பொண்ணு எப்படிம்மா இருப்பா?"

சாய்வு

தண்ணீர் விவகாரத்தைத் தெளிவாக்கப் போய் ஸ்நூக்கர் விவகாரம் தெளிவாகிவிட்டது. "அங்க வர்றவன் எல்லாம் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். எப்படிப்பட்டவர்கள் என்று நீங்களே பாருங்கள்.

முதலில் காசிம் பாய். கீழே இரண்டு கடை தள்ளித் துணிக்கடை வைத்திருப்பவர். லுங்கியையும் சேலையையும் கண்ணால் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். பந்தையும் குழியையும் மட்டும் அப்படிப் பார்க்க வராது. அவர் அடித்த பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். உடனே குனிந்து, தாடையை மேசை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடி, "சாஞ்சிருக்கு தம்பி" என்பார். மேசை மாற்றிக் கொடுத்தேன். அதுவும் சாய்ந்திருந்தது. ஆறு மேசையும் சாய்ந்திருந்தன.

பொறுக்க முடியாமல் மேசை பழுது பார்க்கும் ஆ ஹோக்கை வரவழைத்தேன். அவர் மட்டப்பலகையை எல்லா மேசையிலும் வைத்துக் காட்டினார். நீர்க்குமிழி ஆணி அடித்தது போல நடுவில் நின்றது. பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், நெடுநேரம் யோசித்தார். பிறகு என் தோளில் கை வைத்து, என்மேல் தப்பில்லை என்று ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "மேசை நேராத்தான் இருக்கு தம்பி. கிள்ளான்தான் சாஞ்சிருக்கு."

எலுமிச்சம்பழம்

செல்வம், செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோரி ஓட்டுநர். நாற்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். பந்து விழுந்தால் ஒரு கெட்ட வார்த்தை, விழாவிட்டால் இரண்டு. யாரையும் திட்டுவதில்லை. எல்லாம் பந்துக்குத்தான்.

ஒரு ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, கியூ கோல்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து வரிசையாகச் சாத்தியிருந்தேன். தேங்காய் உடைத்து முடித்துக் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு கல்லாப்பக்கம் திரும்பினேன். அந்த நேரத்தில் செல்வம் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் புதுத்துணி போட்ட மேசையின் நடுவில் வைத்து, வெள்ளைப் பந்தால் முழு பலத்தோடு ஓர் அடி அடித்தார். லோரிக்கு டயர் ஏறி நசுக்க வேண்டும், மேசைக்கு வெள்ளைப் பந்துதான் டயர் என்பது அவர் கணக்கு. பழம் பிளந்து, சாறும் குங்குமமும் பச்சைத் துணியில் கோடு இழுத்தன. அந்தக் கறை இன்றைக்கும் போகவில்லை. "குங்குமத்துக்கு எடப்பக்கம் நிறுத்து" என்று அதை வைத்தே ஆட்கள் குறி பார்க்கிறார்கள். நான் தலையில் கை வைத்தபோது செல்வம் உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "லோரிக்கு நசுக்குனா நல்லது, மேசைக்கு நசுக்குனா கெட்டதா பாஸ்? ரெண்டுக்கும் ஒரே சாமிதானே லா?"

ஒரு மணி நேரத்துக்கு

எங்கள் கடையிலேயே நன்றாக ஆடுகிறவர் புனிதா அக்கா, பல் மருத்துவரிடம் தாதியாக இருப்பவர். வேலை முடிந்து சீருடையோடு வந்து, கைப்பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையில் கிடைத்த கோலை எடுப்பார். அடித்த பந்து குழியில் விழுகிறதா என்று பார்க்கமாட்டார். அதற்குள் அடுத்த பந்துக்கு நடந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை வெளியூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தோல் பெட்டியில் சொந்தக் கோல், ஒரு கைக்கு மட்டும் கையுறை. இரண்டு துண்டையும் திருகிச் சேர்த்துச் சுற்றிலும் பார்த்தார். அன்று இருந்தவர்களில் புனிதா அக்காதான் லேசாகத் தெரிந்தார் போல. "ஆன்டி, ஒரு கேம்?" என்றார். அந்த 'ஆன்டி' அவருக்கு வேண்டாத வேலை. அக்கா ஒவ்வொரு பந்தாக வலிக்காமல் எடுத்தார். அந்த இளைஞருக்குக் கோலைத் தரையில் ஊன்றி நிற்பதைத் தவிர வேறு வேலையே வரவில்லை. கடைசிப் பந்தும் விழுந்ததும் அக்கா அவர் முதுகைத் தட்டி, கிளினிக்கில் நாள் முழுவதும் சொல்லிப் பழகிய அதே குரலில் சொன்னார்: "அவ்ளோதான், முடிஞ்சிருச்சி. ஒரு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடாதீங்க."

தொப்பி போட்ட அங்கிள்

"திட்டுறதுன்னா நேர்ல பாத்துட்டுத் திட்டுங்கப்பா" என்று கலைவாணி விடாமல் நச்சரித்ததில் தணிகாசலம் சார் இறங்கி வந்தார். "வருவாரு. எப்பன்னு சொல்லமாட்டாரு. யாருன்னும் சொல்லமாட்டாரு" என்று எனக்குத் தகவல் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பிற்பகலில், தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் படியேறி வந்தார். "சும்மா பாக்க வந்தேன். பந்திங்லேருந்து வரேன்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே. கலைவாணியின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. "உக்காருங்க அங்கிள்" என்று சுவரோரம் நாற்காலி போட்டேன். திரும்பிப் பார்த்தால் செல்வத்தைக் காணோம். ஆட்டம் பாதியில் நிற்கிறது, கோல் தரையில் கிடக்கிறது, கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது.

பிறகுதான் விளங்கியது. தணிகாசலம் சார் பெட்டாலிங் ஜெயாவுக்குக் குடிபோவதற்கு முன் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர். பள்ளிக்கு வராமல் ஸ்நூக்கர் சென்டர்களில் பதுங்கும் மாணவர்களைப் பிரம்போடு தேடி வந்து பிடித்துப் போவார். பிரம்பின் மலாய்ப் பெயரை வைத்தே அவருக்கு 'ரோத்தான்' என்று பட்டப்பெயர். அவர் அதிகம் பிடித்துப் போன தலை, செல்வத்தின் தலை. தொப்பியும் கண்ணாடியும் என்னையே ஏமாற்றவில்லை. அந்த நடையைப் பார்த்துப் பழகிய செல்வத்தை எப்படி ஏமாற்றும்? இப்போது செல்வத்துக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில் மகன் இருக்கிறான். இருந்தும் கதவுக்கு உள்ளிருந்து ரகசியக் குரலில் கேட்டார்: "பாஸ், ரோத்தான் போயிட்டாரா? எனக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க லா."

கத்தரிக்காய் மாதம்

சார் அதோடு விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே தொப்பி, அதே சுவரோரம், கீழ்க்கடையிலிருந்து பால் இல்லாத தேநீராக ஒரு தே ஓ. அவர் யார் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது போல எல்லாரும் நடித்தோம். தெரிந்துவிட்டது என்பது தெரியாமல் அவரும் நடித்தார். என் கல்யாணம் தங்கள் கையில் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் தீவிரமாக நம்பிவிட்டார்கள். அவர்களை நான் தடுக்கவில்லை. எனக்கும் பயம்தான். இரவில் தூக்கம் வராமல், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

சாருக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்று நம்பிக் கழிப்பறையை விட்டு வெளியே வந்த செல்வம், கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டார். வாயில் வருவதை எங்கேயாவது கொட்ட வேண்டுமே, லோரியில் ஏற்றும் சரக்கைச் சொல்ல ஆரம்பித்தார். பந்து விழாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு "கத்தரிக்கா!" என்பார். ரொம்பக் கோபம் வந்தால் "சேப்பங்கெழங்கு!" காசிம் பாய் சாய்வைப் பற்றி மூச்சு விடவில்லை. பந்து தவறினால் வானத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். புனிதா அக்கா வேண்டுமென்றே இரண்டு ஆட்டம் தோற்றார். யாரோ ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்கள். பந்து மோதும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கிடையாது. இடையிடையே "நீங்க அடிங்கண்ணே", "இல்ல, நீங்க மொதல்ல" என்று மரியாதை வேறு. சார் ஒரு சொட்டுச் சிரிப்பில்லாமல் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போவார்.

மாதக் கடைசியில் கலைவாணி அழைத்தாள். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இன்னும் ஒரே ஒரு தடவை வந்து, அதை என்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டுப் போவாராம். அவ்வளவு ஒழுங்காக இருந்தோமே, என்ன குறை கண்டார் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "எத்தனை தடவ கேட்டாலும் ஒண்ணுதான் சொல்றாரு: 'அங்க இருக்கறவங்க மொகமே சரியில்லம்மா.'"

கையைத் தூக்கியவர்

அந்தச் சனிக்கிழமை அவர் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வந்தார். "நான் கலைவாணியோட அப்பா" என்றார். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் "அப்படியா சார்!" என்றோம். நான் கல்லாவை விட்டு எழுந்து நின்றேன். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். எப்படி நின்று கேட்பது என்றுதான் தெரியவில்லை. புனிதா அக்கா சட்டென்று குறுக்கே வந்து ஒரு கோலை அவர் கையில் கொடுத்தார். "இத்தன வாரம் வந்துட்டு ஒரு கேம்கூட ஆடலியே சார். ஆடிட்டுப் பேசுங்க." கூட ஆட யாரைப் பிடிப்பது என்று பார்த்தால், தப்பி ஓட வழியில்லாமல் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் செல்வம் நின்றிருந்தார்.

சின்ன மேசையில் ஆடுவது சுலபம்: அவரவர் பந்துகளைப் போட்டு முடித்து, கடைசியில் கறுப்பை யார் போடுகிறாரோ அவருக்கே ஜெயம். எங்கள் கடையில் அது எந்தக் குழியில் விழுந்தாலும் கணக்கு. முதலில் செல்வம் மரியாதைக்குத் தவறவிட்டார், முருங்கைக்காய், வெண்டைக்காய் என்று முனகிக்கொண்டே. சார் திக்கித் திணறி ஒவ்வொன்றாகத் தள்ள, செல்வமும் நடுநடுவே தன் பந்துகளைப் போட்டு முடித்தார். மேசையில் கறுப்பு மட்டும் மிச்சமானபோது செல்வத்துக்குள் இருந்த ஆட்டக்காரர் விழித்துக்கொண்டார். அவர் அடித்த கறுப்பு குழி வாய் வரைக்கும் போய், விழாமல் நின்றுவிட்டது. அடுத்த முறை லேசாக ஊதினாலே விழும். சார் குனிந்தார், அடித்தார். வெள்ளைப் பந்து கறுப்பைத் தொடாமல் மூன்று விளிம்பில் மோதிச் சுற்றிவிட்டு, பின்பக்கமாக வந்து கறுப்பைத் தட்டியது. கறுப்பு மேசை முழுக்க உருண்டு எதிர்மூலைக் குழியில் போய் விழுந்தது.

செல்வம் வாயைத் திறந்தார். ஒரு மாதமாகக் கத்தரிக்காயாலும் சேப்பங்கிழங்காலும் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. தமிழில் வந்தது, மலாயில் வந்தது, சந்தையில் பொறுக்கிய சீனத்தில் வந்தது. அச்சில் ஏற்ற முடிகிற ஒரே சொல் கடைசியில் வந்ததுதான்: "...ரோத்தான்!" காசிம் பாயும் அடக்க முடியாமல், "சாஞ்சிருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கத்தினார். பாயும் செல்வமும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து சத்தம் போட, அடுத்த மேசைக்காரர்களும் நியாயம் சொல்லச் சேர்ந்துகொள்ள, கடை பழையபடி கடையாகிவிட்டது. பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்து அப்படியே நின்றார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

புனிதா அக்கா மட்டும் தடுமாறவில்லை. "சார், தெரியாத்தனமா பந்து விழுந்தா கையத் தூக்கி சாரி சொல்லணும். எல்லா ஊர்லயும் அதுதான் மொற" என்றார். அத்தனை வருடங்கள் மாணவர்களைக் கை தூக்கி நிற்க வைத்த மனிதர், கோலை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு வலதுகையைத் தலைக்கு மேலே தூக்கினார். "சாரி, செல்வம்" என்றார். செல்வத்துக்கு முகம் வெளிறிவிட்டது. பெயரை அவர் மறக்கவேயில்லை. தூக்கிய கையை இறக்காமலே சார் என் பக்கம் திரும்பினார். அந்த மூக்குக்குக் கீழே முதன்முதலாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "நான் டிசிப்ளின் வாத்தியார் தம்பி. கிளாஸ்ல சத்தம் இருந்தா கவலைப்படவே மாட்டேன். எல்லாம் கப்சிப்னு நல்ல புள்ளையா ஒக்காந்திருந்தாத்தான், உள்ள என்னமோ பெரிய தப்பு நடக்குதுன்னு வயித்தக் கலக்கும். மாசம் பூரா அப்படித்தான் கலக்கிக்கிட்டிருந்துச்சு, இப்பதான் அடங்குச்சு. அம்மாவ வரச்சொல்லுங்க, பேசுவோம்."

யோக்கியர்களாக ஒரு மாதம் நடித்துக் கெடுத்துக்கொண்ட கல்யாணத்தை ஒரே மூச்சுக் கெட்ட வார்த்தையில் மீட்டுக்கொண்ட மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து, இந்தச் சாய்ந்த ஊரில் நான் ஒருவன்தான்.